டெல்லியில இருந்துக்கிட்டு ஐரோப்பிய வரலாற்று ஆய்வாளர் ஆகணும்னா என்ன பண்ணணும்

எங்க அபார்ட்மெண்ட்ல, மயூர் விஹார்ல, மூணாவது மாடி அக்காவோட பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டு போன மாசம் வீட்டுக்கு வந்தா, "மாமா, எனக்கு ஐரோப்பா ஹிஸ்டரிதான் படிக்கணும், அதுலயே பிஹெச்டி பண்ணி ப்ரொபசர் ஆகணும், முடியுமா"ன்னு கேட்டா, அவ அம்மா பின்னாடியே நின்னுக்கிட்டு "நீங்களாவது யூபிஎஸ்சி எழுதச் சொல்லுங்க"ன்னாங்க. அன்னைக்கு அவகிட்ட சொன்னது, நேரமில்லாம சொல்லாம விட்டது ரெண்டையும் சேர்த்து எழுதுறேன், ஏன்னா இதே கேள்வியை ஆர்.கே.புரத்துல இருந்தும் முனிர்க்காவுல இருந்தும் நம்ம பசங்க நிறைய பேர் கேக்குறாங்க, நானும் ஜெர்மன் வரலாற்றுல பிஹெச்டி பண்ணினவன்தான், எனக்கு அந்த வயசுல இதைச் சொல்ல ஆள் இல்ல.

முடியும். அதை முதல்ல சொல்லிடுறேன். "நம்ம ஊர் வரலாறே இன்னும் எழுதி முடியல, உனக்கு எதுக்கு பிரான்ஸும் ஜெர்மனியும்"னு கேக்கறவங்க வீட்டுலயும் இருப்பாங்க, டிபார்ட்மெண்ட்லயும் இருப்பாங்க. ஹைடல்பர்க்ல தெற்காசியாவுக்குன்னே 1962ல ஒரு இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாங்க, அங்க ஜெர்மன்காரங்க தமிழ் கத்துக்கிறாங்க, நம்ம ஊர் கோயிலையும் சாதியையும் பத்தி தீசிஸ் எழுதுறாங்க, அதை நாம யாரும் தப்புன்னு சொல்றதில்ல, மதிக்கத்தான் செய்றோம். அப்போ டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தோட டிடிஇஏ ஸ்கூல்ல படிச்ச ஒரு தமிழ்ப் பொண்ணு ஜெர்மன் சுரங்கத் தொழிலாளி பத்தி எழுதினா அதுக்கும் அதே மரியாதை வேணும். அந்த மரியாதைக்கு ஒரே ஒரு விலைதான், அவங்க மொழியை அவங்க அளவுக்குப் படிக்கத் தெரியணும். இந்தக் கட்டுரையில வேற எதை மறந்தாலும் மொழியை மட்டும் மறக்காதீங்க.

பிஏ பத்தி சுருக்கமா. டெல்லி யூனிவர்சிட்டிக்கு 2022ல இருந்து க்யூட்ங்கற பொது நுழைவுத் தேர்வு எழுதித்தான் போகணும், ஹிஸ்டரி ஹானர்ஸ் எடுத்தா மாடர்ன் யூரோப் பேப்பர் பொதுவா பின்னாடி செமஸ்டர்கள்லதான் வரும், அதுவரைக்கும் காத்திருக்காம முதல் வருஷமே படிக்க ஆரம்பிச்சிடுங்க. 1789, 1815, 1848, 1871, 1914, 1917, 1933, 1989, இந்த வருஷங்கள்ல என்ன நடந்துச்சு, எந்த ஊர்ல, யாரு யாருக்கு எதிரா நின்னாங்கன்னு மேப்பைப் பாக்காம சொல்ற அளவுக்கு வந்துட்டா போதும். இன்னொரு வழி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது: ஜேஎன்யூவுல பிஏ ஜெர்மனோ பிரெஞ்சோ ரஷ்யனோ ஸ்பானிஷோ எடுத்து மூணு வருஷம் முழுக்க மொழியிலேயே உழைச்சிட்டு, அதுக்கப்புறம் எம்ஏவுக்கு ஹிஸ்டரிக்கு மாறுறது. எனக்கு இப்போ பதினேழு வயசுன்னா நான் இதைத்தான் பண்ணுவேன், வரலாற்றுப் புத்தகத்தை நாமளே தனியா உக்காந்து படிச்சிடலாம், மொழியை அப்படிப் பிடிக்கிறது கஷ்டம்.

சரி மொழிக்கு வருவோம். நான் ஜெர்மன் ஆரம்பிச்சப்போ இருபத்தி நாலு வயசு, எம்ஏ முடிச்சாச்சு, கஸ்தூர்பா காந்தி மார்க்ல இருக்கற மேக்ஸ் முல்லர் பவன்ல சாயங்கால பேட்ச், கூட இருந்தவங்க எல்லாம் நர்சிங், இன்ஜினியரிங் பசங்க, அவங்களுக்குப் பேசத் தெரிஞ்சா போதும், எனக்கு நூறு வருஷத்துக்கு முந்தின போலீஸ் ரிப்போர்ட் படிக்கத் தெரியணும், ரெண்டும் வேற வேற. ஏ1ங்கற ஆரம்ப லெவல்ல ஆரம்பிச்சு பி2ங்கற ஓரளவு சரளமா வர்ற லெவல் வரைக்கும் வர ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த ரெண்டு வருஷத்தை காலேஜ் நாள்லயே முடிச்சிருந்தா பிஹெச்டியில ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும். பிரெஞ்சுன்னா லோதி எஸ்டேட் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ், ஸ்பானிஷ்னா கன்னாட் பிளேஸ் பக்கம் செர்வாந்தெஸ், ரஷ்யன்னா ஃபெரோஸ்ஷா ரோட்டுல ரஷ்யன் ஹவுஸ். இவ்வளவும் ஒரே மெட்ரோ கார்டுல போய் வர்ற தூரத்துல கிடைக்கிற ஊர் இது, அதை யூஸ் பண்ணுங்க.

எந்த மொழின்னு கேட்டா, உங்க கேள்வி எந்த நாட்டுல இருக்கோ அந்த மொழி, அதோட ரெண்டாவதா படிக்க மட்டும் தெரிஞ்ச இன்னொரு மொழி. இங்கிலீஷ் போதும் பிரிட்டன் வரலாறு எழுதிக்கிறேன்னு சிலர் சொல்வாங்க, எழுதலாம், ஆனா ஐரோப்பா முழுக்கத் தெரிஞ்சவங்கன்னு ஒரு யூனிவர்சிட்டியும் உங்களை எடுத்துக்காது.

மொழி தெரிஞ்சாலும் எழுத்து தெரியாதுங்கறது அடுத்த அடி. பழைய ஜெர்மன் பேப்பர், புத்தகம் எல்லாம் ஃப்ராக்டூர்னு ஒரு எழுத்துல அச்சடிச்சிருப்பாங்க, அதுல எஸ் பாக்க எஃப் மாதிரியே இருக்கும், 1941ல நாஜி அரசாங்கமே அதை நிறுத்தற வரைக்கும் ஓடுச்சு. அது பத்து நாள்ல பழகிடும். கையெழுத்து இருக்கே, கூரெண்ட்னு சொல்வாங்க, அது தலையைச் சுத்த வைக்கும், முதல் தடவை ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆச்சு. நம்ம வீட்டுல தாத்தா எழுதின பத்திரத்தைப் படிக்கத் திணறுவோமே, அந்த மாதிரிதான், ஆனா அந்நிய மொழியில. தினமும் அரை மணி நேரம் அந்த எழுத்தைப் பாத்து நாமளே கையால எழுதிப் பாக்கணும், கை பழகினா கண்ணும் பழகிடும், மூணு மாசத்துல ஓரளவுக்கு வந்துடும். டிரான்ஸ்கிரிபுஸ்னு ஒரு சாஃப்ட்வேர் பழைய கையெழுத்தைப் படிச்சுக் குடுக்கும், வச்சுக்கோங்க, ஆனா அது தப்பாப் படிச்சா கண்டுபிடிக்க உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்.

இப்போ டாபிக். ஆராய்ச்சியில ஜெயிக்கிறதும் விழறதும் பெரும்பாலும் இங்கதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். "பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள்"னு யாரும் டாபிக் எடுக்காதீங்க, அது பழைய ராஜேந்திர நகர் கோச்சிங் நோட்ஸுக்குச் சரி, அங்க அஞ்சு காரணம் எழுதினா மார்க் வரும். ஆராய்ச்சிக்கு ஒரு ஊர், ஒரு கூட்டம், ஒரு சில வருஷம், ஒரு புதிர் வேணும். என்னோடதையே சொல்றேன். 1899 ஜூன்ல ஜெர்மனியில ரூர் பகுதியில ஹெர்னேங்கற ஊர்ல நிலக்கரிச் சுரங்கத்துல ஒரு ஸ்ட்ரைக், பண்ணினவங்க பெரும்பாலும் இளவட்ட போலிஷ் தொழிலாளிங்க, பிரஷ்யாவோட கிழக்குப் பக்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க. அதுக்குச் சில மாசம் முன்னாடிதான், ஜனவரியில, ஜெர்மன் போதுமான அளவுக்குத் தெரியாதவங்க சுரங்கத்துல வேலை பாக்கக்கூடாதுன்னு ஒரு ஆணை வந்திருந்துச்சு, எச்சரிக்கை புரியாட்டி உயிர் போயிடும்னு பாதுகாப்பைக் காரணமா காட்டினாங்க, போலிஷ்காரங்க அதைத் தங்க மொழி மேல கை வைக்கிறதா பாத்தாங்க. ஸ்ட்ரைக்கு உடனடிக் காரணமோ மொழி இல்ல, தொழிலாளர் நிதிக்குச் சம்பளத்துல பிடிக்கிற காசை ஏத்திட்டாங்க, சின்னப் பசங்க கூலிக்கு அது பெரிய அடி. ஆனா பேரு மட்டும் "போலிஷ் கலவரம்"னு நின்னுடுச்சு. கூலிச் சண்டை எப்படி இனக் கலவரம்னு பேர் வாங்குச்சு, இதுதான் புதிர்.

இந்தப் புதிர் எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஜங்புரா மதராசி கேம்ப்ல இருந்த நம்ம ஆளுங்களை சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன், வீட்டு வேலையும் கூலி வேலையும் பாத்து, வீட்டுல தமிழ் வெளியில ஹிந்தின்னு வாழ்ந்தவங்க, அவங்க எதுக்குக் கூடி நின்னாலும் "மதராசிங்க கூடிட்டாங்க"ன்னுதான் பேரு. ஜெர்மனியில மூன்ஸ்டர் ஊர் ஆவணக்காப்பகத்துல ஒரு போலீஸ்காரர் ரிப்போர்ட்டைப் படிச்சப்போ அந்தக் குரல் எனக்கு உடனே புரிஞ்சுது. உங்க கேள்வியும் அப்படி உங்க வாழ்க்கையில எங்கேயாவது இருக்கும், தேடுங்க. அதுக்காக தீசிஸ்ல டெல்லியைக் கொண்டு வரணும்னு இல்ல, நான் ஒரு வரி கூட எழுதல, கேள்வி மட்டும் இங்க இருந்து போச்சு, பதில் முழுக்க அங்க இருந்த காகிதத்துல இருந்து.

இந்தியா ஐரோப்பா ரெண்டையும் தொடுற டாபிக்தான் பிடிக்குதுன்னா அதுவும் நல்ல வழிதான், ஸ்காலர்ஷிப்பும் கொஞ்சம் சுலபமா கிடைக்கும். முதல் உலகப் போர்ல வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை எடுத்துக்கோங்க, 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில பர்மா ஆயில் டேங்க்கை சுட்டு எரிச்சிட்டுப் போச்சு, நவம்பர் 9ல கோகோஸ் தீவு பக்கம் ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல்கிட்ட மாட்டி முடிஞ்சுது, இன்னிக்கும் தில்லாலங்கடி ஆளை "அவன் எம்டன்டா"ன்னு நம்ம ஊர்ல சொல்றோம். அந்த ஒரு ராத்திரியை எழுத ஃப்ரைபர்க் மிலிட்டரி ஆர்க்கைவ்ல ஜெர்மன் கடற்படை காகிதம், லண்டன்ல க்யூங்கற இடத்துல இருக்கற பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்துல அவங்க கடற்படைத் துறை காகிதம், எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக்காப்பகம், இங்க ஜன்பத்ல நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல ஹோம் டிபார்ட்மெண்ட் ஃபைல், நாலையும் சேர்த்துப் படிக்கணும். பெர்லின்ல இருந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பல்ல வந்தார்னு சின்ன வயசுல நாம எல்லாரும் கேட்டிருப்போம், அது எந்தக் காகிதத்துல இருக்கு, அந்தக் காகிதத்தை எழுதினது யாரு, எப்போன்னு கேக்கத் தோணுச்சுன்னா நீங்க இந்த வேலைக்கு ஏத்த ஆளு.

பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி டெல்லியில உக்காந்தே எவ்வளவு பாக்க முடியுமோ பாத்துடுங்க. பிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிக்கா, ஆஸ்திரியாவோட பழைய பேப்பருக்கு அன்னோ, ரூர் பகுதி பேப்பருக்கு சைட்புங்க்ட், எல்லாம் ஓசியிலேயே திறந்து கிடக்கு, ஒரு ஊரோட பேப்பரை பத்து வருஷத்துக்கு வரிசையா படிச்சிட்டுப் போனா ஆர்க்கைவ்ல எந்த ஃபைல் கேக்கணும்னு தெளிவா தெரியும். பிஹெச்டி இன்டர்வியூவுல என்னை எடுத்துக்கிட்டதுக்குக் காரணமே நான் ஏற்கனவே ரெண்டு வருஷப் பேப்பரைப் படிச்சு நோட்ஸோட போனதுதான்னு எங்க கைட் பின்னாடி சொன்னாங்க.

எம்ஏ, நெட் எல்லாம் வேகமா சொல்லிடுறேன், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். டியூ, ஜேஎன்யூ, ஜாமியா, அம்பேத்கர் யூனிவர்சிட்டி, எங்க போனாலும் முதல்ல பாக்க வேண்டியது அங்க ஐரோப்பா நடத்துற ஆள் இப்போ இருக்காங்களாங்கறதுதான், ஜேஎன்யூவுல மாதவன் பாலட் மாதிரி ரஷ்யாவும் ஐரோப்பாவும் சொல்லிக் கொடுத்தவங்க இருந்தாங்க, ஆனா ஒருத்தர் ரிட்டயர் ஆனா அந்த இடம் பல வருஷம் காலியா கிடக்கறதும் உண்டு, அதனால பேரைப் பாத்து மயங்காம இப்போ யாரு இருக்காங்கன்னு கேளுங்க. எம்ஏ ரெண்டாவது வருஷமே நெட்ங்கற தகுதித் தேர்வு எழுதுங்க, அதுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, வாடகை கட்டி அம்மா அப்பாகிட்ட கேக்காம இருக்கலாம். நெட்ல கேக்கறது பெரும்பாலும் இந்திய வரலாறு, அதைக் குறைச்சு எடை போட்டு நான் ஒரு தடவை கோட்டை விட்டேன். எம்ஃபில் 2022 விதியோட போயிடுச்சு, இப்போ நேரா பிஹெச்டிதான், குறைஞ்சது மூணு வருஷம், பொதுவா அதிகபட்சம் ஆறு.

இங்க பண்றதா வெளியில பண்றதா? வெளியில முழு ஸ்காலர்ஷிப்போட கிடைச்சா போங்க, யோசிக்கவே வேண்டாம், ஏன்னா ஆர்க்கைவ் பக்கத்துலயே இருக்கும். ஆனா ஒரு விஷயம் கவனம், இந்தியாவுல இருந்து அப்ளிகேஷன் போனா அவங்களே உங்களை சவுத் ஏசியா பக்கம் தள்ளப் பாப்பாங்க, ஸ்டேட்மெண்ட்ல முதல் பாராவுலயே உங்க மொழி லெவல், படிச்ச மூல ஆவணம், போகப் போற ஆர்க்கைவ் பேர் மூணும் இருந்தா அந்தப் பேச்சே எழாது. கடன் வாங்கிப் போகாதீங்க, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன், இந்தத் துறையில அந்தக் கடனை அடைக்கிற சம்பளம் சீக்கிரம் வராது. இங்க பண்ணினா ஜெர்மனிக்கு டாட் ஸ்காலர்ஷிப், பிரிட்டனுக்கு சார்ல்ஸ் வாலஸ் டிரஸ்ட், இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஹெச்ஆர்) பயண உதவின்னு பாத்துப் பாத்து அப்ளை பண்ணி, ரெண்டு மூணு தடவையா போய்ட்டு வரலாம். ஷெங்கன் விசான்னா 180 நாள்ல 90 நாள்தான், அதுக்கு மேல இருக்கணும்னா அந்த நாட்டோட நேஷனல் விசா எடுக்கணும், அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே ஆரம்பிக்கணும்.

ஆர்க்கைவ் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அங்க இருக்கற ஆர்க்கிவிஸ்டுக்கு அவங்க மொழியிலேயே மெயில் போடுங்க, என் டாபிக் இது, இந்த வருஷம், இந்த ஊர், எந்த வரிசை ஃபைல்னு தெளிவா. ஜெர்மன்காரங்க நாலு பக்கத்துக்குப் பதில் போடுவாங்க, நான் பாத்த வரைக்கும் அப்படித்தான், நான் கேக்காத ஃபைல் நம்பரையும் சேர்த்துக் குடுத்தாங்க. ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல்தான்னு கணக்கு இருக்கும், முதல் நாள் கேட்டா அடுத்த நாள்தான் வர்ற இடமும் இருக்கு, அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே முதல் மூணு நாளுக்கான ஃபைலை ஆர்டர் பண்ணிடுங்க. பேனா கூடாது, பென்சில் மட்டும். ஃபோட்டோ எடுக்க விட்டா முதல்ல ஃபைல் அட்டையை எடுங்க, அப்புறம் உள்ள இருக்கற ஒவ்வொரு தாளையும், தாள் நம்பர் தெரியற மாதிரி. ராத்திரி ரூமுக்கு வந்ததும் எவ்வளவு தூக்கம் வந்தாலும் அன்னைக்கு எடுத்ததை ஃபைல் நம்பர் போட்ட ஃபோல்டர்ல போட்டு ரெண்டு இடத்துல சேவ் பண்ணிட்டுத்தான் படுக்கணும், என்கிட்ட நம்பர் இல்லாத ஒரு அறுநூறு படம் இருந்துச்சு, அதுல பாதியை தீசிஸ்ல யூஸ் பண்ணவே முடியல. சமீப காலம் எடுக்கறவங்க எவ்வளவு வருஷம் பூட்டி வச்சிருப்பாங்கன்னு பாத்துக்கோங்க, ஜெர்மன் ஃபெடரல் ஆர்க்கைவ்ல பொதுவா 30 வருஷம், பிரான்ஸ்ல 25, தனி ஆள் பத்தின ஃபைல்னா இன்னும் அதிகம்.

சாப்பாடு, குளிர் பத்திக் கேக்காம இருக்க மாட்டீங்க. குக்கர் எடுத்துட்டுப் போங்க. பாரிஸ்னா லா ஷாப்பெல் மெட்ரோவுல இறங்கினா ஈழத்தமிழர் கடை வரிசையா இருக்கு, கருவேப்பிலையில இருந்து எல்லாம் கிடைக்கும், ரூர் பக்கம்னா ஹாம் ஊர்ல காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிஷேகம் ஆனது. டிசம்பர்ல நாலரைக்கெல்லாம் இருட்டி மனசு ஒரு மாதிரி ஆகுறப்போ அந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன், அங்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா "எந்த ஊர் தம்பி"ன்னு கேட்டு சாப்பிட வச்சுத்தான் அனுப்பினாங்க, அவங்க வீட்டுக்காரர் இருபது வருஷம் அங்க ஒரு ஃபேக்டரியில வேலை பாத்தவர். அகதியா வந்து மொழி கத்துக்கிட்ட கதையை அவர் சொன்ன அன்னைக்குத்தான் என் போலிஷ் தொழிலாளிங்க எனக்கு முழு மனுஷங்களா தெரிஞ்சாங்க.

கடைசியா வேலை. மறைக்காம சொல்றேன். மாடர்ன் யூரோப் பேப்பர் பல காலேஜ்ல இருக்கு, அதனால நடத்த ஆள் வேணும், ஆனா போஸ்ட் விளம்பரம் வர்றப்போ வெறும் "ஹிஸ்டரி"ன்னுதான் வரும், இன்டர்வியூவுல விஜயநகரமும் கேப்பாங்க, முகலாயர் வரி முறையும் கேப்பாங்க. பர்மனெண்ட் ஆனா அசிஸ்டெண்ட் ப்ரொபசர் பேசிக் 57,700ல ஆரம்பிக்குது, மரியாதையான சம்பளம். அங்க போய்ச் சேர்றதுதான் பாடு. நான் ஒரு காலேஜ்ல அட்ஹாக்கா, அதாவது தற்காலிக ஆசிரியரா, நாலு நாலு மாசமா ஆறு வருஷம் ஓட்டினேன், நடுவுல ஒரு நாள் பிரேக் குடுத்து மறுபடி எடுப்பாங்க, ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை கூப்பிடுவாங்களான்னு வீட்டுல எல்லாரும் போனையே பாத்துக்கிட்டு இருப்போம், என் பொண்ணு பொறந்த மாசமும் அப்படித்தான் போச்சு. படிச்சவங்களை அப்படி வச்சிருக்கறது தப்பு, இன்னைக்கும் அதைச் சொல்றேன். அதனால ரெண்டு விஷயம் கையில வச்சுக்கோங்க: மொழி தெரியறதால மொழிபெயர்ப்பு வேலை, இல்லன்னா மொழி வகுப்பு எடுக்கறது, இது காலேஜ் இல்லாத மாசத்துல வாடகை கட்டும், இன்னொன்னு வருஷத்துக்கு ஒரு கட்டுரையாவது நல்ல ஜர்னல்ல, அவசரப்பட்டு காசு வாங்கிப் போடற ஜர்னல்ல போட்டுடாதீங்க, பின்னாடி செலக்‌ஷன் கமிட்டியில அதுவே எதிரா நிக்கும். சோனிபட் பக்கமும் நொய்டா பக்கமும் பிரைவேட் யூனிவர்சிட்டிங்க வந்திருக்கு, அவங்க ஐரோப்பா படிச்ச ஆளைத் தனியா தேடறதும் உண்டு, அங்கேயும் போட்டு வைங்க.

அந்த மூணாவது மாடி அக்காவுக்கு நான் சொன்னது, யூபிஎஸ்சி மெயின்ஸ்லயும் உலக வரலாறு இருக்கு, பொண்ணு படிச்சது வீணாகாது, ஆனா அவளை ரெண்டு படகுல கால் வைக்கச் சொல்லாதீங்க, மூணு வருஷம் இதுல விடுங்க, பி2 வரைக்கும் வந்துட்டா அவளே முடிவு பண்ணட்டும்னு. சரின்னாங்க. ஏ1க்கு ஃபார்ம் போட்டாச்சு.

இன்னொன்னு, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஜெர்மன் ஆர்க்கைவ்ல ஃபைலைத் திறந்தா பல ஃபைல்ல முன்னாடி ஒரு தாள் ஒட்டியிருக்கும், இதுக்கு முன்னாடி யார் யார் படிச்சாங்கன்னு பேரும் தேதியும் எழுதியிருப்பாங்க, நீங்களும் எழுதணும். அந்தப் பேரையெல்லாம் குறிச்சு வச்சுக்கோங்க, உங்க டாபிக்ல வேலை பண்ணினவங்க லிஸ்ட் அதுவே, அதுல மூணு பேருக்கு நான் மெயில் போட்டேன், ரெண்டு பேர் பதில் போட்டாங்க, ஒருத்தர் தீசிஸுக்கு எக்ஸாமினராவே வந்தார். அதே மாதிரி தீசிஸோ புத்தகமோ முடிஞ்சா ஒரு காப்பி அந்த ஆர்க்கைவுக்கு அனுப்பணும்னு ஃபார்ம்லயே கையெழுத்து வாங்கியிருப்பாங்க, நிறைய பேர் மறந்துடறாங்க. நான் கோல் டாக் கானா போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பினேன், மூணு வாரத்துல கிடைச்சுதுன்னு லெட்டர் வந்துச்சு, அலமாரி நம்பரோட.